உஷா உதூப்: கனத்த குரலின் இடம்

உஷா உதூப் (பிறப்பு: நவம்பர் 1947) இந்தியாவின் மேற்கத்திய மெல்லிசை மேடையில் முன்னோடியான பெண் பாடகி. பாப், ராக், ஜாஸ், டிஸ்கோ வகைப் பாடல்களைப் பாடியவர். பம்பாயில் வாழ்ந்த தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, சென்னையில் மேடையேறி, கல்கத்தாவில் நிலைத்தவர். பதினைந்துக்கும் மேற்பட்ட இந்திய மொழிகளிலும் சில அயல்மொழிகளிலும் பாடியிருக்கிறார். பட்டுப்புடவை, பெரிய பொட்டு, கை நிறைய வளையல், தலையில் பூ என்னும் தோற்றத்துடன் மேற்கத்திய இசையைப் பாடியவர் என்றே பெரும்பாலும் நினைவுகூரப்படுகிறார். அந்தத் தோற்றத்தைப் பற்றிய பேச்சு, அவருடைய குரலைப் பற்றிய பேச்சை மறைத்துவிட்டது. பெண்குரல் எப்படி இருக்க வேண்டும் என்று நம் செவி வைத்திருக்கும் அளவுகோலை அந்தக் குரல் கேள்விக்குள்ளாக்கியது. அவருடைய இசைவாழ்க்கையின் மையம் அதுவே என்ற நோக்கில் இக்கட்டுரை அவரை மதிப்பிடுகிறது.

பிறப்பு, இளமை

உஷாவின் தந்தை வைத்தியநாத் சோமேஸ்வர் சாமி பம்பாய் காவல்துறையில் அதிகாரியாகப் பணியாற்றினார். பைகுல்லா பகுதியில் இருந்த காவலர் குடியிருப்பில் குடும்பம் வாழ்ந்தது. வீட்டில் வானொலி எப்போதும் ஒலித்தது. கர்நாடக இசை, இந்துஸ்தானி, மேற்கத்திய இசை மூன்றையும் உஷா அதன் வழியாகவே கேட்டு வளர்ந்தார். மூத்த சகோதரிகள் உமாவும் இந்திராவும் ‘சாமி சகோதரிகள்’ என்ற பெயரில் ஆங்கில மெல்லிசைப் பாடல்களைப் பாடிவந்தனர். அமீன் சயானி வழியாக இலங்கை வானொலியின் நிகழ்ச்சியில் பாடியது உஷாவின் முதல் பொது நிகழ்ச்சி. அப்போது அவருக்கு வயது ஒன்பது.

உஷா முறையாக இசை பயின்றவர் அல்ல. பைகுல்லாவின் புனித ஆக்னஸ் பள்ளியில் படித்தபோது, குரல் பொருந்தவில்லை என்று இசை வகுப்பிலிருந்து விலக்கப்பட்டதை அவரே பல நேர்காணல்களில் சொல்லியிருக்கிறார். ஆனாலும் தாள உணர்வு இருப்பதைக் கண்ட ஆசிரியை, முக்கோணம் போன்ற சிறு தாளக்கருவிகளை அவர் கையில் கொடுத்தார். பெண்குழந்தைகளின் சேர்ந்திசையில் தனித்துத் தெரியும் அளவுக்கு அவருடைய குரல் கனமாகவும் கீழ்ச்சுருதியிலும் இருந்ததே விலக்கப்பட்டதற்குக் காரணம். பின்னாளில் அவருக்குப் புகழ் தந்ததும் அதே குரல்தான்.

மேடை: சென்னை, பம்பாய், கல்கத்தா

1969-இல் சென்னையில் ‘நைன் ஜெம்ஸ்’ என்ற இரவு விடுதியில் உஷா பாடத் தொடங்கினார். இந்த விடுதி மவுண்ட் ரோட்டில் சஃபையர் திரையரங்க வளாகத்தின் கீழ்த்தளத்தில் இருந்தது. ஒரே வளாகத்தில் சஃபையர், புளூ டைமண்ட், எமரால்டு என மூன்று திரையரங்குகளைக் கொண்டிருந்த அந்த இடம் 1960-களின் சென்னைக்கு நவீனத்தின் முகமாக விளங்கியது. அங்கே இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த ஒரு பெண் புடவை கட்டிக்கொண்டு ஆங்கிலப் பாடல்களைப் பாடினார். கேட்டவர்கள் மீண்டும் கேட்க விரும்பினர். விடுதியாரும் அவரைத் தொடர்ந்து பாடச் சொன்னார்கள்.

அடுத்து பம்பாயின் ‘டாக் ஆஃப் தி டவுன்’ விடுதியிலும், கல்கத்தா பார்க் தெருவின் ‘டிரிங்காஸ்’ விடுதியிலும் பாடினார். டிரிங்காஸில்தான் பின்னாளில் தன் கணவராகிய ஜானி சாக்கோ உதூப்பைச் சந்தித்தார். அதுவரை உஷா ஐயர் என்று அறியப்பட்டவர், அதன்பின் உஷா உதூப் ஆனார். கல்கத்தாவே அவரது ஊராகியது. நெற்றிப்பொட்டில் வங்க எழுத்தான ‘க’-வை அவர் அணிவது அந்த நகரத்துக்குச் செய்யும் மரியாதை.

உஷாவுக்கு முன்பும் இந்திய விடுதிகளில் பெண்கள் பாடினர். கல்கத்தாவின் பாம் கிரேன் அவர்களில் புகழ்பெற்றவர். அந்த மேடைகளில் ஆங்கிலோ இந்தியர்களும் கோவா இசைக்கலைஞர்களும் மிகுதி. பாடும் பெண் நீண்ட மேல்நாட்டு உடை அணிவது வழக்கமாக இருந்தது. அப்படிப் பாடும் பெண்ணை அந்நியப் பண்பாட்டைச் சேர்ந்தவராகவே நடுத்தர வர்க்கம் எண்ணியது. தன் வீட்டுப் பெண்ணுக்கும் அவருக்கும் தொடர்பில்லை என்று எண்ணுவதற்கு அந்த உடை வசதியாக இருந்தது. காஞ்சிபுரம் பட்டில் வந்த உஷா அந்த வசதியைக் குலைத்தார். மேடையில் நின்றவர் பக்கத்து வீட்டு அக்காவைப்போல இருந்தார். அவரிடமிருந்து வந்த குரலோ பக்கத்து வீட்டில் ஒருபோதும் கேட்டிராதது.

இசைத்தட்டும் திரைப்படமும்

1968-இல் ‘ஜம்பாலயா’, ‘கிரீன்பேக் டாலர்’ ஆகிய ஆங்கிலப் பாடல்களை உஷா இசைத்தட்டில் பாடியிருந்தார். 1970-இல் வெளிவந்த ‘பாம்பே டாக்கி’ படத்தில் சங்கர்–ஜெய்கிஷன் இசையில் பாடினார். 1971-இல் தேவ் ஆனந்த் இயக்கிய ‘ஹரே ராமா ஹரே கிருஷ்ணா’ படத்தில் ஆர்.டி. பர்மன் இசையில் ஆங்கில வரிகளைப் பாடினார். ஹிப்பி இளைஞர்களைப் பற்றிய அந்தப் படம் மின்கிதாரின் ஓசையை இந்தியாவின் சிற்றூர்கள் வரை கொண்டுசென்றது.

1978-இல் ‘ஷாலிமார்’, 1980-இல் ‘பியாரா துஷ்மன்’, 1981-இல் ‘அர்மான்’, 1982-இல் ‘டிஸ்கோ டான்ஸர்’ என்று தொடர்ந்த பாடல்கள் அவரை நாடெங்கும் அறியச்செய்தன. பிந்தைய மூன்று படங்களுக்கும் இசை பப்பி லஹரி. ஆப்பிரிக்கப் பயணத்தில் சுவாஹிலி மொழிப் பாடலான ‘மலைக்கா’வைப் பாடிக் கென்ய மக்களின் அன்பைப் பெற்றார். 2011-இல் விஷால் பரத்வாஜ் இயக்கிய ‘சாத் கூன் மாஃப்’ படத்தில் நடித்து, ரேகா பரத்வாஜுடன் இணைந்து ஒரு பாடலும் பாடினார். அதற்காக இருவருக்கும் ஃபிலிம்ஃபேர் விருது கிடைத்தது. மேடையில் அரைநூற்றாண்டை நெருங்கும் வேளையில் கிடைத்த பின்னணிப் பாடகி விருது அது.

ராக் இசைக்கலைஞர் என்று சொல்லலாமா?

ராக் என்ற சொல்லைக் கறாராகக் கொண்டால் மின்கிதார், பேஸ், டிரம்ஸ் அடங்கிய குழு, சொந்தப் பாடல்கள், இளைஞரின் எதிர்ப்பு மனநிலை ஆகியவை அதன் அடையாளங்கள். இந்த அளவுகோலில் உஷா முழுமையாகப் பொருந்தமாட்டார். அவர் கிதார் ஏந்திய கலைஞராக அறியப்பட்டவர் அல்ல. பெரும்பாலும் பிறர் இயற்றிய, பிறர் பாடிய பாடல்களையே மேடையில் பாடினார். பாப் பாடகி என்பதே அவருக்குப் பரவலாக வழங்கும் பெயர்.

ஆனால் ராக் இசையின் பெண் முன்னோடிகளை வரிசைப்படுத்தினால் வேறொரு பொதுத்தன்மை தெரிகிறது. அமெரிக்காவின் சிஸ்டர் ரொசெட்டா தார்ப் (1915–1973) தேவாலயப் பாடல்களை மின்கிதாருடன் பாடியவர். ராக் அண்ட் ரோல் என்ற பெயர் புழக்கத்துக்கு வரும் முன்பே, 1944-இல் அவர் பதிவுசெய்த பாடலில் அந்த இசையின் துடிப்பு இருந்தது. தேவாலயத்தில் பாட வேண்டியதை இரவு விடுதியில் பாடினார் என்று பக்தர்களில் ஒரு பகுதியினர் அவரைக் குறைகூறினர். ராக் இசையின் புகழ்க்கூடத்தில் அவர் பெயர் சேர்ந்தது 2018-இல்தான். 1967-இல் மான்டெரே விழாவில் பாடிய ஜானிஸ் ஜாப்ளின் (1943–1970) பெண்குரலில் கரகரப்பும் கிழிசலும் அழகாக இருக்கமுடியும் என்று காட்டினார். 1973-இல் பேஸ் கிதாரைத் தோளில் மாட்டி, தன் குழுவின் முன்னால் நின்று பிரிட்டிஷ் பாடல் தரவரிசையில் முதலிடம் பெற்றார் சூசி குவாட்ரோ.

இந்த மூவரும் இசையில் வெவ்வேறானவர்கள். ஆனால் மூவரும் பெண்ணுக்கு ஒதுக்கப்பட்ட குரலை ஏற்கவில்லை. குழுவுக்குப் பின்னால் நின்று இசைவு பாடும் இடத்தை விட்டு முன்னால் வந்தார்கள். இந்தப் பொருளில் உஷா அவர்களின் சமகாலத்தவர். ஜாப்ளின் இறப்பதற்கு முந்தைய ஆண்டில் உஷா சென்னையின் கீழ்த்தள விடுதியில் ஆண்கள் வாசித்த குழுவின் முன்னால் நின்றார். ஆகவே ராக் என்ற இசைவடிவத்தின் முன்னோடி என்பதைவிட, அந்த வடிவம் பெண்ணுக்குத் திறந்த மேடையின் இந்திய முன்னோடி என்று அவரை வரையறுப்பதே பொருத்தமானது.

இதே தலைமுறையின் ஆஷா புத்லி பம்பாயில் பிறந்து நியூயார்க் சென்று, 1971-இல் ஆர்னெட் கோல்மனின் ஜாஸ் பதிவில் பாடி உலகக் கவனம் பெற்றார். இசைச்சோதனை என்ற அளவில் ஆஷா புத்லி உஷாவைவிடத் தொலைவு சென்றவர். ஆனால் அவருடைய களம் இந்தியாவுக்கு வெளியே அமைந்தது. உஷா இங்கேயே இருந்தார். கல்லூரி விழா, தொழிற்சாலை விழா, துர்கா பூஜை மேடை, திருமண வரவேற்பு என எல்லா இடங்களிலும் பாடினார். மேற்கத்திய இசையைக் கேட்டிராத கூட்டத்துக்கு முன்னால் ஒரு பெண் அதைப் பாடுவதை இயல்பாக்கியது இந்த இடைவிடாத உழைப்பே.

குரல்

தமிழ்த் திரையிசையில் பெண்குரலின் இலக்கணத்தை 1950-களுக்குப் பின் பி. சுசீலாவும், அடுத்து எஸ். ஜானகியும் வகுத்தனர். இந்தியில் லதா மங்கேஷ்கர் வகுத்தார். மேல்ஸ்தாயியில் நூல் இழைபோலச் செல்லும் தெளிவான குரல் அது. கதாநாயகி நல்லவள், இளையவள், அடக்கமானவள் என்பதை அந்தக் குரலே சொல்லிவிடும். கர்நாடக இசையிலும் ஆண்கள் ஒரு கட்டையை ஒட்டிய சுருதியிலும் பெண்கள் ஐந்து கட்டையை ஒட்டிய சுருதியிலும் பாடுவது பெருவழக்கு. உஷாவின் குரல் இயல்பாக நிற்கும் இடம் இதற்கெல்லாம் கீழே, ஆண்குரலின் எல்லையைத் தொட்டு நிற்பது.

கீழ்ச்சுருதியில் பாடும்போது சொல்லின் மெய்யெழுத்துகள் அழுத்தமாக விழும். ராகத்தின் வளைவைவிடத் தாளத்தின் அடி முன்னால் வரும். அதனால்தான் பாடல் எந்த மொழியில் இருந்தாலும் உஷாவிடம் அது தாளமாகவே கேட்கிறது. முறையான பயிற்சி இல்லாததால் வரும் குறையை அவர் இந்தத் தாள உணர்வால் ஈடுகட்டினார். பள்ளியில் கையில் கிடைத்த முக்கோணக் கருவி வீண்போகவில்லை.

திரைப்படம் இந்தக் குரலை எங்கே வைத்தது என்பதைக் கவனிக்கவேண்டும். அவர் பாடிய புகழ்பெற்ற இந்திப் பாடல்கள் பெரும்பாலும் விடுதி நடனக் காட்சிகளுக்கானவை. காதலிக்கும் நாயகிக்கோ தாலாட்டும் தாய்க்கோ அந்தக் குரல் கேட்கப்படவில்லை. கனத்த குரல் கொண்ட பெண் வீட்டுக்கு வெளியே இருப்பவள் என்ற முடிவு இசையமைப்புக்கு முன்பே எடுக்கப்பட்டிருந்தது. சொந்த வாழ்வில் குடும்பத்தலைவியாகவும் பாட்டியாகவும் இருந்த ஒருவரின் குரல் திரையில் மட்டும் விடுதியை விட்டு வெளியே வர அனுமதிக்கப்படவில்லை.

கொங்குநாட்டுச் செவி

வலுத்த பெண்குரலுக்குத் தமிழில் இடமே இருந்ததில்லை என்று சொல்லமுடியாது. அந்த இடம் எந்த நிபந்தனையின் பேரில் தரப்பட்டது என்பதே கேள்வி. கொங்குநாட்டின் அனுபவம் இதற்கு நல்ல சான்று.

காவிரிக்கரைக் கொடுமுடியில் பிறந்த கே.பி. சுந்தராம்பாள் (1908–1980) ஒலிபெருக்கி இல்லாத நாடகக் கொட்டகையில் கடைசி வரிசை வரை கேட்கும்படி பாடியவர். உஷா நைன் ஜெம்ஸில் பாடத் தொடங்கிய அதே 1969-இல் வெளிவந்த ‘துணைவன்’ படத்துக்காக, சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது அறுபது வயதைக் கடந்த சுந்தராம்பாளுக்குக் கிடைத்தது. அவர் குரலின் ஓங்காரத்தைத் தமிழகம் தலைவணங்கி ஏற்றது. ஆனால் கணவர் எஸ்.ஜி. கிட்டப்பா 1933-இல் இறந்தபின் அவர் பூண்ட வெண்ணிற ஆடையும், நெற்றித் திருநீறும், அவ்வையார் வேடமும் அந்த ஏற்புக்குத் துணைநின்றன. ஓங்கிய குரல் பக்தியாகவும் துறவாகவும் மாறியபோது யாருக்கும் சங்கடம் இருக்கவில்லை.

அடுத்த தலைமுறையில் எல்.ஆர். ஈஸ்வரி. ‘பாசமலர்’ (1961) படத்தின் திருமணப் பாடலில் புகழ்பெற்ற இவர், மேற்கத்திய தாளத்தில் அமைந்த விடுதிப் பாடல்களை வேறெவரும் பாடமுடியாத துணிவுடன் பாடினார். தமிழ்த்திரையில் ராக் இசையின் துள்ளலுக்கு மிக அருகில் வந்த பெண்குரல் அவருடையதே. ஆனால் அந்தப் பாடல்களில் மக்கள் திரையில் கண்டது நடிகையை. பாடியவர் ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் இருந்தார். கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்த அவர் பின்னர் பாடிய அம்மன் பாடல்கள் ஒவ்வொரு ஆடி மாதமும் ஊரெங்கும் ஒலிக்கின்றன. விடுதிப் பாடலில் ‘மோசமான பெண்’ணுக்கு உரியதாக இருந்த அதே குரல், கோயில் வாசலில் தெய்வத்தின் குரலாயிற்று.

இதை நேரில் கேட்க ஆனைமலைக்கு வரலாம். ஆழியாற்றின் கரையில் மாசாணியம்மன் படுத்த நிலையில் இருக்கிறாள். தை மாதக் குண்டம் திருவிழாவின்போது ரேடியோ செட்டுக்காரர்கள் கட்டும் கூம்புக்குழாய்களில் அம்மன் பாடல்கள் விடிய விடிய ஒலிக்கும். ஆற்றில் மிதந்து வந்த மாங்காயைத் தின்றதற்காக நன்னன் என்னும் அரசன் கொலைசெய்த பெண்ணே இந்த அம்மன் என்று மக்கள் நம்புகின்றனர். அந்தக் கொலையைக் குறுந்தொகையின் 292-ஆம் பாடலும் குறிப்பிடுகிறது. இன்றும் அநீதி இழைக்கப்பட்ட பெண்கள் இங்குள்ள நீதிக்கல்லில் மிளகாய் அரைத்துப் பூசி முறையிடுகிறார்கள். பெண்ணின் கோபத்துக்கும் முறையீட்டுக்கும் கோயிலில் இடம் உண்டு. அதே குரலுடன் ஒரு பெண் தெய்வத்தின் பெயரைச் சொல்லாமல், தன் மகிழ்ச்சிக்காக மேடையில் நின்று பாடினால் நாம் எப்படிக் கேட்போம் என்பதே உஷா எழுப்பும் வினா.

ஆனைமலைக்கு மேலே வால்பாறைக் குன்றுகளில் 19-ஆம் நூற்றாண்டின் இறுதி முதல் தோட்டங்கள் உருவாயின. தோட்டத் துரைகளுக்கென மனமகிழ் மன்றங்கள் அமைந்தன. மேற்கத்திய இசையும் நடனமும் அந்த மன்றங்களின் சுவர்களுக்குள் இருந்தன. லைன் வீடுகளில் இருந்த தொழிலாளிப் பெண்களின் இசை தாலாட்டும் ஒப்பாரியும் கும்மியுமாக வேறாக இருந்தது. இரண்டும் ஒரே மலையில் இருந்தும் ஒன்றையொன்று கேட்கவில்லை. மேற்கத்திய இசை நம் நாட்டில் எங்கும் முதலில் இப்படி மூடிய அறையின் இசையாகவே இருந்தது. அதைப் பாட உஷா அணிந்துவந்த புடவையும் பொட்டும் அந்த அறையின் கதவைத் திறந்துவைத்தன.

புடவை: அனுமதிச் சீட்டும் அறைகூவலும்

உஷாவின் உடையை இந்தப் பின்னணியில் பார்க்கவேண்டும். சுந்தராம்பாளுக்குத் திருநீறும் ஈஸ்வரிக்குத் திரைமறைவும் அம்மனும் செய்ததை உஷாவுக்குக் காஞ்சிபுரம் பட்டு செய்தது என்று வாதிடலாம். ‘இவள் நம் பெண்தான்’ என்று அது அவைக்கு உறுதி சொன்னது. அவ்வகையில் அது ஓர் அனுமதிச் சீட்டு.

ஆனால் அவருடைய தேர்வு அதோடு முடியவில்லை. மறைவதற்கு அவர் புடவையைப் பயன்படுத்தவில்லை. பொட்டும் வளையலும் ஆண்டுக்கு ஆண்டு பெரிதாயின. பட்டுத்துணியில் செய்த விளையாட்டுக் காலணியுடன் மேடையேறினார். குடும்பப்பெண்ணின் அடையாளங்களை அளவுக்கு மேல் பெருக்கிக் காட்டும்போது, அவை அடக்கத்தின் அடையாளமாக நீடிக்க முடியாமல் போகின்றன. புடவை கட்டிய பெண் இப்படித்தான் பாடவேண்டும், விடுதியில் பாடும் பெண் இப்படித்தான் உடுத்தவேண்டும் என்ற இரு விதிகளையும் ஒரே நேரத்தில் அவர் மீறினார். பிறகு வந்த பாடகிகள் எந்த உடையில் வேண்டுமானாலும் மேடையேறமுடிவதில் இந்த மீறலுக்குப் பங்குண்டு.

பண்பாட்டுச் சீரழிவு வழக்கு

மேற்கு வங்கத்தில் இடது முன்னணி ஆட்சியில் அமைச்சராக இருந்த ஜதின் சக்கரவர்த்தி, உஷாவின் பாடல்கள் ‘அபசம்ஸ்கிருதி’, அதாவது பண்பாட்டுச் சீரழிவு என்று கண்டித்தார். அரசு அரங்குகளில் அவர் பாடுவதற்குத் தடை ஏற்பட்டது. உஷா நீதிமன்றம் சென்றார். தீர்ப்பு அவருக்குச் சாதகமாக வந்தது.

பழமைவாதிகள் மட்டுமே இத்தகைய பாடகியை எதிர்ப்பார்கள் என்ற எளிய எண்ணத்தை இந்த நிகழ்ச்சி மறுக்கிறது. தெருமுனை நாடகத்தையும் மக்கள் இசையையும் போற்றிய ஒரு முற்போக்கு மரபே, கூட்டத்தைக் கைதட்டி ஆடவைக்கும் பெண்ணைக் கண்டு பதற்றமடைந்தது. பாடலில் அரசியல் இருந்திருந்தால் அந்த மரபு ஏற்றிருக்கும். மகிழ்ச்சி மட்டுமே இருந்ததுதான் அதற்குப் புரியவில்லை. உஷா அதன்பிறகும் கல்கத்தாவை விட்டுப் போகவில்லை. அந்த நகரமும் அவரைத் தன் மகளாகவே வைத்துக்கொண்டது.

தமிழில் அவரது இடம்

1975-இல் ஏ.பி. நாகராஜன் இயக்கிய ‘மேல்நாட்டு மருமகள்’ படத்தில் குன்னக்குடி வைத்தியநாதன் இசையில் உஷா பாடினார். 1990-இல் மணிரத்னம் இயக்கிய ‘அஞ்சலி’ படத்தில் இளையராஜா இசையில் பாடிய பாடலே தமிழ் இளைஞர்களிடம் அவரைக் கொண்டுசேர்த்தது. வேகத்தைக் கொண்டாடும் அந்தப் பாட்டில் இளையராஜா அவர் குரலை விடுதி நடனத்துக்கு ஒதுக்காமல் இளமையின் குரலாகப் பயன்படுத்தினார். இந்தித் திரையிசை நெடுங்காலம் செய்யாத ஒன்றை அந்த ஒரு பாடல் செய்தது. ‘மன்மதன் அம்பு’ (2010) படத்தில் உஷா நடிக்கவும் செய்தார்.

இவை தவிர, தமிழ் இசைவரலாறு அவருக்குக் கொடுத்த இடம் சிறியது. திருமணத்தின் வழியே கேரளம் அவரை உரிமை கொண்டாடுகிறது. வங்கம் தன் பாடகியாகக் கருதுகிறது. அவருடைய வாழ்க்கை வரலாற்றை விகாஸ் குமார் ஜா இந்தியில் எழுதினார். அது 2022-இல் ஆங்கிலத்திலும் வந்தது. தாய்மொழி தமிழாக இருந்தும், முதல் மேடை சென்னையாக இருந்தும், நம் இசை விமர்சனம் அவரை விருந்தாளியாகவே நடத்தியது. கர்நாடக இசை, திரையிசை, நாட்டாரிசை என்ற மூன்று அறைகளில் எதிலும் அவர் அடங்கவில்லை. நான்காவது அறை ஒன்றைக் கட்ட நாம் முயலவில்லை.

குறைகள்

முன்னோடி என்பதால் உஷாவின் குறைகளைச் சொல்லாமல் விடவேண்டியதில்லை. அவர் தனக்கென ஒரு பாடல் மரபை உருவாக்கவில்லை. தமிழிலோ வங்கத்திலோ சொந்தச் சொற்களில் ஒரு பெண்ணின் வாழ்க்கையைப் பேசும் ராக் பாடல் தொகுதி அவரிடமிருந்து வந்திருந்தால், அவருடைய இடம் ஐயத்துக்கு அப்பாற்பட்டிருக்கும். மேடையில் கேட்பவர் மகிழ வேண்டும் என்ற கொள்கை அவருடைய வலிமை, எல்லையும் அதுவே. பல மொழிகளில் பாடியது வியப்புக்குரியது. ஆனால் எந்த ஒரு மொழியிலும் ஆழமாக வேர்விடாத பாடல்பட்டியலே அதன் விளைவு. தோற்றத்தின் புகழை அவரும் விரும்பி வளர்த்தார். அதனால் விமர்சகர் குரலைக் கேட்காமல் பொட்டை மட்டும் பார்த்ததற்கு அவரும் ஓரளவு பொறுப்பாகிறார்.

விருதுகள்

உஷா உதூப்புக்கு 2011-இல் பத்மஸ்ரீ விருதும் 2024-இல் பத்மபூஷண் விருதும் அறிவிக்கப்பட்டன. அதே 2024-ஆம் ஆண்டுப் பட்டியலில் கோவை மாவட்டத்தைச் சேர்ந்த வள்ளி ஒயில் கும்மிக் கலைஞர் பத்திரப்பன் பத்மஸ்ரீ பெற்றார். ஆண்களே ஆடிவந்த அந்தக் கலையைப் பெண்களுக்கும் கற்றுக்கொடுத்தவர் என்பது அவருக்குச் சொல்லப்பட்ட சிறப்புகளுள் ஒன்று. இன்று கொங்குநாட்டு ஊர்களில் ஒரே நிறப் புடவை உடுத்தி நூற்றுக்கணக்கான பெண்கள் பொதுவெளியில் வள்ளிகும்மி ஆடுவது வழக்கமான காட்சி. இரு கலைஞர்களும் ஒரே ஆண்டில் விருது பெற்றது தற்செயல். ஆனால் மூடியிருந்த மேடையைப் பெண்ணுக்குத் திறப்பது ராக் இசைக்கு மட்டுமான வேலை அல்ல என்பதை அந்தத் தற்செயல் நினைவூட்டுகிறது.

மதிப்பீடு

2022-இல், கோவையை அடுத்த அட்டப்பாடியின் இருளர் சமூகப் பாடகி நஞ்சம்மாவுக்குச் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது அறிவிக்கப்பட்டபோது, முறையான பயிற்சி இல்லாதவருக்கு விருதா என்று கேட்ட இசைக்கலைஞர்கள் இருந்தனர். பைகுல்லா பள்ளியின் இசை வகுப்பு இன்னும் முடியவில்லை என்பதையே இது காட்டுகிறது. பயிற்சியற்ற குரல், கனத்த குரல், கீழ்ச்சுருதிக் குரல் ஆகியவை ஒவ்வொரு தலைமுறையிலும் வாசலில் நிறுத்திக் கேள்வி கேட்கப்படுகின்றன.

உஷா உதூப்பின் சாதனை, அந்த வாசலில் காத்திருக்காமல் உள்ளே வந்து பாடத் தொடங்கியது. அவர் பாடல்களை இயற்றவில்லை, கிதாரின் இலக்கணத்தை மாற்றவில்லை. ஒரு பெண்ணின் இயல்பான குரலுக்கு மன்னிப்புக் கேட்காமல் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் மேடையில் நின்றார். இந்தியாவில் இன்று கிதாருடன் மேடையேறும் பெண்கள் பலர் அவரிடமிருந்து இசையைப் பெற்றவர்கள் அல்லர். ஷில்லாங்கின் ‘சோல்மேட்’ குழுவின் திப்ரிதி கர்பாங்கர் போன்றோரின் இசைவழி வேறு. ஆனால் மேடையின் நடுவில் பெண் நிற்பது புதுமை அல்ல என்ற நிலையை அவர்களுக்கு முன்பே உருவாக்கியவர்களில் உஷா முதன்மையானவர். அவரைக் கேட்கத் தொடங்குபவர்கள் மேடைக் காட்சிகளுக்கு முன் இசைத்தட்டிலிருந்து தொடங்குவது நல்லது. புடவையும் பொட்டும் கண்ணில் படாதபோது, அந்தக் குரல் எவ்வளவு கனமானது என்பது தெளிவாகக் கேட்கும்.